ஒவ்வொரு நாளும் ஓகஸ்ட் பதினான்கு

கடற்கலன் அனுமதி அதிகார சபையின் திருகோணமலை உப அலுவலகம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடச் சுபவேளையில் நவீனமயமானது. பத்து மணி பதினொரு நிமிடம் வரை அது நவீனமாக இருக்கவில்லை என்பதை உதவிப் பணிப்பாளர் கனகரத்தினமே தமது உரையில் பெருமையோடு ஒப்புக்கொண்டார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கணினித் திரைக்குச் சந்தனம் வைத்தார்கள். அது விண்ணப்பதாரியின் பெயர் வருகிற இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதால், அடுத்த இரண்டு வாரங்களுக்கு எவருடைய பெயரிலும் மூன்றாம் எழுத்து தெரியவில்லை. பாற்சோறு நன்றாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கணினியின் அடியில் கிடந்து மற்ற எல்லாவற்றையும் ஓட்டுகிற மென்பொருளுக்கு அரச தமிழில் பணிசெயல் முறைமை என்று பெயர். பழைய முறைமையை விட்டுவிட்டு இலவசமான புதிய முறைமைக்கு எல்லா அலுவலகங்களும் மாறவேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. மாறினார்கள். அந்த அலுவலகத்தில் இருந்த ஒரேயொரு வேலைக்குரிய மென்பொருளான ‘கடல்வாசல்’ பழைய முறைமையில் மட்டும்தான் ஓடும் என்பது மாறிய பிறகு தெரிந்தது. அதை எழுதிய நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பழைய கணினிகள் ஆறும் அதற்கு முதல் வெள்ளிக்கிழமையே ஏலத்தில் போய்விட்டன. குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அவற்றை ஒரே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

தலைமையகத்திலிருந்து தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் லக்சாயினி வந்தாள். கெட்டிக்காரி. அலுமாரியைக் கிளறி, கடல்வாசலின் பழைய இறுவட்டு ஒன்றைக் கண்டெடுத்தாள். புதிய கணினிக்குள்ளே, பழைய கணினி போல நடிக்கிற இன்னொரு கணினியை உண்டாக்கி, அதற்குள் கடல்வாசலை ஏற்றினாள். ஓடியது. ஆனால் அந்த இறுவட்டின் உரிமம் 2008 ஓகஸ்ட் முடிவோடு காலாவதி. அதனோடு இருந்த தரவும் 2008 ஓகஸ்ட் பதினான்காம் திகதி வரைக்குமானது. ஆகவே உள்ளே இருக்கிற கணினியின் கடிகாரத்தை அந்தத் திகதியிலேயே நிறுத்தினாள். தினமும் காலையில் மின் ஆளியைப் போட்டால் உள்ளே 2008 ஓகஸ்ட் பதினான்கு, எட்டரை மணி. ‘இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கனகரத்தினம் அந்தத் தாளை லமினேட் பண்ணிச் சுவரில் மாட்டினார்.

இப்போது இராசநாயகத்துக்கு வருவோம். அறுபது வயது, சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் வீடு, ஒரு ஃபைபர் படகு, இருபத்தைந்து குதிரைவலு என்ஜின். வாடைக்கடல் அடங்கி, மனிதர்கள் கடலுக்குப் போகத் தொடங்குகிற நேரத்தில் அவருடைய அனுமதி முடிந்தது. அனுமதி இல்லாவிட்டால் படகை மணலில் இருந்து இறக்க ஏலாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது, இனிப் பழகுகிற வயதும் இல்லை.

கருமபீடத்தில் இருந்தவர் பாயிஸ், கிண்ணியாக்காரர். முன்பு கிளாக்கர் என்றும் இப்போது முகாமைத்துவ உதவியாளர் என்றும் அழைக்கப்படுபவர். ஒரு நிமிடத்தில் அனுமதியை அச்செடுத்து நீட்டினார். இராசநாயகம் அதைக் கைநீட்டுத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

“தம்பி, இதிலை ரெண்டாயிரத்தி எட்டெண்டு கிடக்கு.”

“ஓம் அண்ணன். உள்ளுக்க அந்தத் திகதிதான்.”

“எதுக்கு உள்ளுக்கை?”

“கொம்பியூட்டருக்கு உள்ளுக்க.”

“அப்ப வெளியிலை?”

“வெளியில நீங்க நினைக்கிற திகதிதான். ஆனா பிரிண்ட் உள்ளுக்க இருந்துதான் வருது.”

திகதி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கடல்வாசல் மிகவும் கடமையுணர்ச்சி உள்ள மென்பொருள். திகதியைப் பார்க்கும், அந்தத் திகதிக்கு என்ன சட்டமோ அதைப் போடும். 2008 ஓகஸ்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே இராசநாயகத்தின் அனுமதியில், காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை மட்டும் என்றும், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும் என்றும், என்ஜின் ஒன்பது குதிரைவலுவுக்கு மேற்படலாகாது என்றும் இருந்தது. யுத்தம் முடிந்ததைக் கடல்வாசலுக்குப் பிற்காலத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்தான். சொல்லிக்கொடுத்த கணினி குறிஞ்சாக்கேணிக்குப் போய்விட்டது.

இராசநாயகம் கனகரத்தினத்தின் அறைக்குப் போனார். கனகரத்தினம் நல்ல மனிதர், எழுந்து நின்று கதிரை காட்டுகிறவர்.

“யுத்தம் முடிஞ்சது எனக்கும் தெரியும் இராசநாயகம். ஆனா அது எனக்குத் தனிப்பட்ட முறையிலை தெரிஞ்ச விசயம். அலுவலக ரீதியா எனக்கு இன்னும் அறிவிக்கப்படேல்லை.”

“சேர், என்ரை என்ஜின் இருபத்தைஞ்சு.”

“அது எந்த வருசத்து என்ஜின்?”

“ரெண்டாயிரத்தி இருபத்தொண்டு.”

“பாத்தியளா? அப்பிடி ஒரு என்ஜின் இன்னும் வரவே இல்லை. வராத என்ஜினுக்கு நான் என்னெண்டு அனுமதி தாறது?”

அந்தத் தாளோடு இராசநாயகம் கரைக்குப் போனார். அங்கே அனுமதி பார்க்கிற உத்தியோகத்தர் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, “ஐயா, இது முடிஞ்சு பதினாறு வருசம்” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அனுமதி முடியாத மற்றப் படகுகள் போன பிறகு இராசநாயகம் தனது படகோடு நின்றார். அன்றைக்குச் சூரை மீன் நன்றாகப் பட்டது என்று பின்னேரம் கேள்விப்பட்டார்.

மறுநாள் கனகரத்தினம் ஒரு வழி சொன்னார். இன்றைய திகதி இன்றைய திகதிதான் என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கிவந்தால், அதை அனுமதியோடு இணைத்துவிடலாம். கிராம உத்தியோகத்தர் தமது சேவைக்காலத்தில் இப்படியொரு கடிதம் எழுதியதில்லை. ஆனாலும் கேட்பவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாதவர். ‘மேற்படி நபரை நான் நன்கு அறிவேன். அவர் எனது பிரிவில் நடப்பு ஆண்டில் வசித்து வருகிறார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

கனகரத்தினம் அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

“கடிதம் திறமா இருக்கு. ஆனா இதிலை போட்டிருக்கிற திகதி எங்கட முறைமையிலை இன்னும் வரேல்லை. வராத திகதியிலை எழுதின ஆவணத்தை நான் ஏத்துக்கொண்டா நாளைக்குக் கணக்காய்வு கேக்கும்.”

“எந்த நாளைக்கு, சேர்?” என்று இராசநாயகம் கேட்டார்.

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த அலுவலகத்தில் நாளைக்கும் ஓகஸ்ட் பதினான்குதான். கனகரத்தினம் தேநீர் வரவழைத்தார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. ஆனால் கதை சொல்கிறவன் கோபப்பட்டால் அதிகாரிகள் பொறுமைசாலிகளாகத் தெரிந்துவிடுவார்கள். அடக்கிக்கொள்கிறேன்.

தேநீர் முடியும்போது கனகரத்தினத்துக்கு இன்னொரு வழி தோன்றியது. யுத்தகால விதிகளிலேயே ‘விசேட அனுமதி’ என்று ஒன்று இருந்தது. அதற்கு எந்த என்ஜினும் பாவிக்கலாம், நேரக் கட்டுப்பாடு கிடையாது. எல்லாவற்றையும்விட, அதில் திகதியைக் கையால்தான் எழுதவேண்டும். வீட்டில் இருக்கிற பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் நேரில் வந்து, படம் பிடித்து, கையெழுத்து வைத்தால் போதும்.

இராசநாயகத்தின் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. “நானும் மனிசியும்தான் சேர். நாளைக்கே கூட்டிக்கொண்டு வாறன்.”

கனகரத்தினம் அவரைக் கருமபீடத்துக்குக் கூட்டிவந்தார். பாயிஸ் வீட்டு அங்கத்தவர் பட்டியலைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். யுத்தம் முடிந்த பிறகு அந்தப் பட்டியலை எவரும் கேட்டதில்லை. அதனால் அது எழுதினபடியே கிடந்தது.

இராசநாயகம், வயது 43, வீட்டில் வசிக்கிறார்.
வள்ளிநாயகி, வயது 39, வீட்டில் வசிக்கிறார்.
டிலக்சன், வயது 19, வீட்டில் வசிக்கிறார்.

“மகனையும் கூட்டிக்கொண்டு வாங்க அண்ணன். ஒரு கையெழுத்துத்தான்.”

இராசநாயகம் மூன்றாவது வரியைப் பார்த்தபடி இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

“அவன் ஓகஸ்ட் இருபத்திரெண்டு, வெள்ளிக்கிழமை காலமை சைக்கிளிலை ரவுணுக்குப் போனவன் தம்பி. பிறகு வரேல்லை.”

“எந்த வருசம் அண்ணன்?”

“உந்த வருசம்தான்” என்று அவர் திரையைக் காட்டினார்.

பாயிஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனால் அனுமதியில் கையெழுத்து வைப்பவர் பாயிஸ் அல்ல.

“இது சின்ன விசயம்” என்றார் கனகரத்தினம். “ஆள் இல்லையெண்டா பேரை எடுத்துவிடலாம். மரணச் சான்றிதழ் ஒண்டு தந்தாச் சரி.”

“அவன் செத்ததெண்டு ஆரும் சொல்லேல்லை சேர்.”

“அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“எங்கை எண்டு தெரியாது சேர்.”

“இராசநாயகம், நான் உங்கட பக்கம் நிண்டுதான் கதைக்கிறன். ஒரு மனிசன் ஒண்டில் இருக்கவேணும், இல்லாட்டி இல்லாமல் இருக்கவேணும். ரெண்டுக்கும் எங்களிட்டைக் கட்டம் இருக்கு. மூண்டாவது கட்டம் இந்த மென்பொருளிலை வைக்கேல்லை.”

மூன்று நாளில் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. பட்டியலில் உள்ள டிலக்சன் என்பவரை ஏழு நாட்களுக்குள் இவ்வலுவலகத்தில் முன்னிலைப்படுத்துமாறும், தவறினால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறும் பெற்றோர் கேட்கப்பட்டிருந்தனர்.

வள்ளிநாயகி அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தாள். இத்தனை வருடங்களில் அவள் ஏறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஒரு பதில்கூட இவ்வளவு விரைவாக வந்ததில்லை. மறுநாள் நல்ல சேலையாக ஒன்றை உடுத்திக்கொண்டு, கணவரோடு பஸ் ஏறி வந்து கனகரத்தினத்தின் முன்னால் நின்றாள்.

“பதினேழு வருசமா நாங்கள் உங்களிட்டைக் கேட்டதை, இப்ப நீங்கள் எங்களிட்டைக் கேட்டு எழுதியிருக்கிறியள்.”

“எங்களிட்டை இல்லையம்மா, அது வேறை திணைக்களம்” என்றார் கனகரத்தினம். “நாங்கள் கடற்கலன் மட்டும்தான்.”

அவள் கருமபீடத்துப் பக்கம் திரும்பினாள். பாயிஸிடம் போய், “தம்பி, அதை ஒருக்கா நான் பாக்கலாமோ?” என்று கேட்டாள். பாயிஸ் திரையைத் திருப்பி, தனது பக்கத்தில் ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டார்.

அவள் பார்த்தாள். வீட்டில் வசிக்கிறார்.

“உதுக்குள்ளை இண்டைக்கு என்ன திகதி?”

“பதினாலு, அம்மா.”

“அப்ப இன்னும் எட்டு நாள் கிடக்கு.”

“நாளைக்கும் பதினாலுதான் அம்மா. ஒவ்வொரு நாளும் பதினாலுதான்.”

வள்ளிநாயகிக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இதைச் சொன்னவுடன் விளங்கிக்கொண்டாள். அந்தச் சுற்றுநிருபத்தின் பயனாக அந்த மாவட்டத்தில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவள்தான். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். காலை ஒன்பது மணிக்கு வந்து, அந்த மூன்று வரிகளையும் பார்த்து, அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவாள். ஒருநாள் மூடிபோட்ட கோப்பையில் கடலைச் சுண்டல் கொண்டுவந்து பாயிஸுக்குக் கொடுத்தாள். மகனுக்குப் பிடித்தது என்று சொன்னாள். பாயிஸ் அன்றைக்கு நோன்பு. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டு, நோன்பு திறந்த பிறகு சாப்பிட்டார்.

கனகரத்தினம் இதைக் கவனித்துத் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதினார். நவீனமயமாக்கலின் பின்னர் பொதுமக்களின் வருகை அதிகரித்துள்ளதாகவும், சிலர் தினமும் வருவதாகவும், சேவையில் திருப்தியடைந்து நீண்ட நேரம் அமர்ந்திருப்பதாகவும் அதில் இருந்தது.

இதற்கிடையில் பங்குனி போய், சித்திரையும் போய்விட்டது. இராசநாயகத்தின் படகு மணலிலேயே கிடந்தது. மற்றவர்களுடைய வலையை இழுக்கப் போய்க் கூலிக்கு நின்றார். ஒருநாள் அவர் பொறுக்கமுடியாமல் மனைவியிடம் கேட்டார்.

“மரணச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்துத்தானே வள்ளி. பேரை எடுத்துவிட்டா நான் கடலுக்குப் போவன். அதாலை அவன் இல்லையெண்டு ஆகிவிடுமோ?”

அவள் சுளகைக் கீழே வைத்தாள். “நீங்கள் வையுங்கோ பாப்பம், அந்தக் கையெழுத்தை.”

அவர் வைக்கவில்லை. வைக்க ஏலாது என்று கேட்கும்போதே அவருக்குத் தெரியும். ஏலாத ஒன்றை ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

வைகாசி நடுவில் லக்சாயினி திரும்பி வந்தாள். இந்தத் தடவை நேராகக் குறிஞ்சாக்கேணிக்குப் போய், அந்த இரும்பு வியாபாரியைக் கண்டுபிடித்திருந்தாள். ஒரு கணினியின் பெட்டிக்குள் கோழி அடைகிடந்தது. ஆனால் அதிலிருந்து கழற்றிய வன்தட்டை மனிதர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் கடல்வாசலின் புதுப்பித்த உரிமம் இருந்தது. பிந்திய விதிகளும் இருந்தன. பாவம், அந்தப் பிள்ளை தன் விடுமுறை நாளில் இதையெல்லாம் செய்திருந்தாள்.

காலை பத்து மணிக்கு எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். இராசநாயகத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். வள்ளிநாயகி வழக்கம்போலத் தன் கதிரையில் இருந்தாள். அவளுக்காகப் பாயிஸ் அந்தப் பட்டியலைத் திறந்தே வைத்திருந்தார். லக்சாயினி உள்ளே இருந்த கணினியின் திகதியை 2008இலிருந்து இன்றைக்கு நகர்த்தி, வந்திருந்த இருவருடைய பதிவையும் புதுப்பித்தாள். கடல்வாசல் சற்று நேரம் சுழன்றது. பிறகு ஒரு சிறிய பெட்டி வந்தது. ‘பத்து வருடங்களுக்கு மேல் புதுப்பிக்கப்படாத அங்கத்தவர்கள் நீக்கப்படுவர்.’ அதன் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. வேறு பொத்தான் இல்லை. லக்சாயினி அதை அழுத்தினாள்.

மூன்று வரிகள் இரண்டாகின.

கனகரத்தினம் கைதட்டினார். அச்சுப்பொறி இயங்கியது. இன்றைய திகதி, இருபத்தைந்து குதிரைவலு, நேரக் கட்டுப்பாடு இல்லை. இராசநாயகத்தின் கையில் அதைக் கொடுத்து, “இதுதான் இராசநாயகம் நவீனமயம் எண்டுறது. நாங்கள் பொறுமையா இருந்தா, முறைமை எல்லாத்தையும் தானாத் தீர்த்து வைக்கும்” என்றார்.

வள்ளிநாயகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பிள்ளை, மற்ற வரி எங்கை?”

லக்சாயினி குனிந்து பார்த்தாள். பாயிஸ் அவள் காதில் இரண்டு சொல் சொன்னார். அவள் வள்ளிநாயகியின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, எனக்குத் தெரியாதம்மா. அதுவாக் கேட்டது. நான் அழுத்திட்டன்.”

“பறவாயில்லை பிள்ளை. பழைய திகதிக்கு ஒருக்காத் திருப்பி வையுங்கோ.”

“திருப்பினா ஐயான்ரை அனுமதி செல்லாமப் போயிரும்.”

வள்ளிநாயகி கணவரைப் பார்த்தாள். அவர் இரண்டு மாதமாகக் காத்திருந்த தாள் அது. அவர் அதைக் கருமபீடத்தில் வைத்துவிட்டு, “வையுங்கோ பிள்ளை” என்றார்.

லக்சாயினி திகதியை மாற்றினாள். 2008 ஓகஸ்ட் பதினான்கு, எட்டரை மணி. பட்டியலைத் திறந்தாள். இராசநாயகம், வயது 43. வள்ளிநாயகி, வயது 39. மூடித் திறந்தாள். இறுவட்டைப் போட்டுப் பார்த்தாள், இரண்டு மாதமாக உறையில்லாமல் மேசையில் கிடந்த இறுவட்டு கீறல் விழுந்து திறக்கவில்லை. அவள் அழத் தொடங்கினாள்.

கனகரத்தினத்துக்கு இந்தச் சூழ்நிலையை எப்படி எடுத்துக்கொள்வது என்று விளங்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. “ஒருவிதத்திலை நல்லதம்மா. இப்ப பட்டியல் சுத்தமா இருக்கு. இனி ஆரும் உங்களிட்டை ஒண்டும் கேக்க மாட்டினம்.”

வள்ளிநாயகி எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

“தம்பி பாயிஸ், முறைப்பாட்டுப் படிவம் ஒண்டு தாங்கோ.”

பாயிஸ் இலாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்து, தானே பேனையையும் எடுத்தார். “என்ன முறைப்பாடெண்டு எழுத அம்மா?”

“பிள்ளையைக் காணேல்லை.”

“அம்மா,” என்றார் கனகரத்தினம், “இது தன்னியக்கமா நடந்தது. இதிலை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை.”

“அப்பவும் உப்பிடித்தான் சொன்னவை.”

“திகதி?” என்று பாயிஸ் கேட்டார்.

“இண்டைக்கு. பத்து மணி தாண்டி.”

“கண்ணால் கண்ட சாட்சி இருப்பின் பெயர், முகவரி.”

“என்ரை பேரைப் போடுங்கோ தம்பி” என்றாள் வள்ளிநாயகி. “முதல் தரம் கண்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லி முறைப்பாட்டுக் கோவையை மூடினவை. இந்த முறை நான் பக்கத்திலை இருந்து கண்டனான்.”